கிணத்துமேட்டு இன்ஜினுக்கு ரிங்கு மாத்தின கதை

போன சித்திரையில எங்க தோட்டத்துக்கு வர்ற டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சுங்க. வேற வந்து மாட்டி, கரண்ட் விட 11 நாள் ஆச்சு. மக்காச்சோளம் பூட்டை விட்டுக் கதிர் புடிக்கிற நேரம். வாய்க்கால்ல தண்ணி விட்ட வருஷம்கிறதால கிணத்துல ஊத்து நல்லா இருந்துச்சு. தண்ணி இருக்கு, மோட்டார் இருக்கு, கரண்ட் மட்டும் இல்ல. பக்கத்துத் தோட்டத்துல ஒரு டீசல் இன்ஜினை வாடகைக்கு வாங்கி ஓட்டி, ஒரு வழியா காட்டைக் காப்பாத்தினோம்.

அப்பத்தான் சாளைக்குப் பின்னால, கட்டுத்தரை ஓரமா, கிழிஞ்ச தார்ப்பாயும் கோழி எச்சமுமா மூடிக் கெடந்த எங்க பழைய ஆயில் இன்ஜின் ஞாபகம் வந்துச்சு. பழைய இரும்பு எடுக்கிறவர் ரெண்டு தடவை வந்து விலை கேட்டுட்டுப் போயிருந்தார். "குடுத்துட்டா அந்த இடத்துல நாலு ஆட்டைக் கட்டலாம்"னு வீட்ல சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு இருந்தேன். ஏன் தள்ளினேங்கிறது பின்னால வரும்.

ஆடி மாசம் முழுக்க அந்த இன்ஜினோடதான் பொழுது போச்சு. பிரிச்சு, கழுவி, லைனர், பிஸ்டன், ரிங்கு எல்லாம் புதுசு போட்டு ஓட விட்டாச்சு. டவுன்ல இருக்கறவங்களுக்கு ரிங்குன்னா என்னன்னு தெரிஞ்சிருக்க நியாயமில்ல. பைக்கை ஒர்க்‌ஷாப்புல விட்டா "ரிங்கு போயிருச்சு சார், பிரிக்கணும்"னு சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் குடுப்பாங்க இல்லீங்களா, அந்த ரிங்குதான். ஒரு விரக்கடை கனம்கூட இல்லாத வார்ப்பிரும்பு வளையம். ஒரு பக்கம் வெட்டு விட்டிருக்கும். கையில எடுத்து வளைச்சா படக்குன்னு ஒடிஞ்சு போகும். இதுக்குப் பின்னால முந்நூறு வருஷத்துக் கதை இருக்கு. அந்தக் கதை ஆரம்பிக்கிறது தோல்ல.

எங்க அப்பாரு காலத்துல கவலைதான். தெக்கத்திச் சீமையில கமலைன்னு சொல்வாங்க. கிணத்து மேட்டுல இருந்து சரிவா வாரி வெட்டியிருக்கும். ரெண்டு எருது அந்தச் சரிவுல எறங்கி நடந்தா வடம் இழுத்து, கிணத்துல இருந்து சால் மேல வரும். சாலுக்கு அடியில யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் வால். மேல வந்ததும் வால் கயித்தை விட்டா தண்ணி தொட்டியில கொட்டும். எருதைப் பின்னால நடத்திட்டுப் போயி, மறுபடியும். கோழி கூப்பிடறதுக்கு முந்தி பூட்டினா வெயில் ஏறி உச்சிக்கு வர்ற வரைக்கும் அதே வேலை. சாலுக்கு ஆயுசு உண்டு, எருதுக்கும் ஆயுசு உண்டு, ஆனா தோல் வால்தான் அடிக்கடி போகும். தண்ணியில ஊறி, வெயில்ல காஞ்சு, மறுபடி ஊறி, பொத்துக்கும். ஒழுகுற வாலோட இறைச்சா பாதித் தண்ணி கிணத்துக்கே திரும்பிப் போகும். எருதுக்கு மட்டும் முழுப் பாடு.

இந்த ஒழுகல்தான் விஷயமே. இங்கிலாந்துல 1712-ல தாமஸ் நியூகோமன்கிற இரும்புக் கடைக்காரர் சுரங்கத்துத் தண்ணியை இறைக்க ஒரு நீராவி இன்ஜின் செஞ்சார். பாருங்க, அங்கேயும் முதல் வேலை தண்ணி இறைக்கிறதுதான். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போகணும், ஆனா ஓரத்துல காத்து போகக் கூடாது. அவர் என்ன பண்ணினார்னா பிஸ்டனைச் சுத்தித் தோல் வெச்சார். அதுக்கு மேல தண்ணியை நிறுத்தி வெச்சு அடைச்சார். நம்ம கவலை வாலுக்கும் அதுக்கும் ஒரே பொருள்தான். அந்தக் காலத்துச் சிலிண்டர் சரியான வட்டமா இருக்காது. ஏறக்குறைய பானை மாதிரி. தோல் வளைஞ்சு குடுத்ததாலதான் அது ஓடினது.

ஜேம்ஸ் வாட் வந்தப்ப அந்த வித்தை பலிக்கல. அவர் இன்ஜின்ல சிலிண்டரைச் சூடாவே வெச்சிருக்கணும், அதனால மேல தண்ணி நிறுத்த முடியாது. தோல், துணி, தக்கைன்னு என்னென்னவோ வெச்சுப் பார்த்து வருஷக்கணக்கா மல்லாடினார். கடைசியில சணல் கயித்தைத் திரிச்சு, மாட்டுக் கொழுப்புல ஊற வெச்சு, பிஸ்டனைச் சுத்தி இறுக்கித்தான் ஓட்டினார். அதுவும்கூட ஜான் வில்கின்சன்கிற வார்ப்பட்டறைக்காரர் 1774-ல பீரங்கிக் குழல் கடையறதுக்குன்னு ஒரு கடைசல் மிஷின் கண்டுபிடிச்சு, அடுத்த வருஷம் அதே வழியில வாட்டுக்குச் சிலிண்டர் கடைஞ்சு குடுத்ததாலதான். 50 இன்ச் அகலச் சிலிண்டர்ல ஒரு பழைய ஷில்லிங் காசு கனம்கூட வித்தியாசம் இல்லன்னு வாட்டோட கூட்டாளி போல்டன் பெருமையா எழுதி வெச்சிருக்கார். ஷில்லிங் காசு கனம்னா ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இன்னைக்கு எங்க இன்ஜின் லைனர்ல ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தா கழட்டிக் குப்பையில போடச் சொல்வாங்க. அன்னைக்கு அது உலக அதிசயம்.

சணல்ல இருந்து இரும்பு வளையத்துக்கு வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆச்சு. ரயில் இன்ஜினுங்க வந்து, வேகமா ஓட ஆரம்பிச்சப்ப, சணல் சீக்கிரம் தேஞ்சு போகும். அடிக்கடி பிரிச்சு அடைக்கணும். நடுவுல சில பேர் பித்தளைத் துண்டுகளை வெச்சு, பின்னாடி ஸ்பிரிங் குடுத்துப் பார்த்தாங்க. ஆயிரம் சாமான், ஆயிரம் கோளாறு. மான்செஸ்டர்ல ரயில் இன்ஜின் பட்டறையைப் பார்த்துக்கிட்டு இருந்த ஜான் ராம்ஸ்பாட்டம் 1852-ல ஒரு சின்ன யோசனை பண்ணினார். வளையத்தைச் சிலிண்டரைவிடப் பத்துல ஒரு பங்கு பெரிசா செஞ்சு, ஒரு இடத்துல வெட்டி விட்டுட்டார். பிஸ்டன்ல காடி போட்டு, அதுல வளையத்தைச் சுருக்கி மாட்டி, உள்ள தள்ளினா, வளையம் தன் பழைய அளவுக்கு விரியப் பார்க்கும். விரிய இடமில்ல, அதனால சுவரை ஒட்டிக்கிட்டே நிக்கும். தேய்ஞ்சாலும் தானே இன்னும் கொஞ்சம் விரிஞ்சுக்கும். தனியா ஸ்பிரிங் வேண்டாம், வளையமே ஸ்பிரிங். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்கும் உங்க கார்ல, பைக்குல, என் டிராக்டர்ல ஓடறது அந்த யோசனைதான்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. ரிங்கோட சொந்த விசை ரொம்பக் கம்மி. அந்த விசையை வெச்சு மட்டும் வெடியோட அழுத்தத்தைத் தாங்க முடியாது. ஆனா மேல வெடிக்கிறப்ப அந்தக் காத்தே காடிக்குள்ள, ரிங்குக்குப் பின்னாடி புகுந்து, ரிங்கைச் சுவரோட சேர்த்து அழுத்துது. எந்தக் காத்து வெளியே ஓடப் பார்க்குதோ அதே காத்தை வெச்சுத்தான் கதவை அடைக்கிறோம். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். இதனாலதான் காடி சுத்தமா இருக்கணும்கிறது. கரி அடைச்சு ரிங்கு ஒட்டிக்கிச்சுன்னா காத்து பின்னாடி போக வழியில்ல.

டீசல் இன்ஜினுக்கு இது உயிர். பெட்ரோல் இன்ஜின்ல பொறி வெச்சுக் கொளுத்துவாங்க. டீசல்ல பொறியும் கிடையாது, பிளக்கும் கிடையாது. காத்தை 16, 17 மடங்கு சுருக்கினா அதுவே 500 டிகிரிக்கு மேல சூடாகும், அதுல எண்ணெயைப் பீய்ச்சினா தானே பத்திக்கும். ருடால்ஃப் டீசல் 1892-ல இதை எழுதி உரிமை வாங்கினார். ஆனா எழுதினது ஓட 5 வருஷம் ஆச்சு. 1897 பிப்ரவரியில ஆக்ஸ்பர்க்ல 20 குதிரைத் திறன் இன்ஜினை ஓட்டிக் காட்டினப்ப, எரிபொருள்ல இருக்கிற சக்தியில 26 சதவீதம் வேலையா மாறுச்சு. அந்தக் காலத்து நல்ல நீராவி இன்ஜின் இதுல பாதியைத் தொடறதே பெரிசு. இப்ப யோசிச்சுப் பாருங்க, ரிங்கு தேஞ்சு காத்து ஒழுகினா சுருங்காது, சுருங்கலைன்னா சூடேறாது, சூடேறலைன்னா பத்தாது. நீங்க ஹேண்டிலைப் போட்டுச் சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான், இன்ஜின் பேசாம உக்காந்திருக்கும்.

நம்ம பக்கம் இன்ஜின் வந்த கதைக்கு வர்றேன். சென்னையில இன்ஜினியரிங் காலேஜ் புரொபசரா இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன்கிற வெள்ளைக்காரர்தான் 1900-களோட ஆரம்பத்துல, கவலைக்குப் பதிலா ஆயில் இன்ஜினும் பம்ப்பும் வெச்சு இறைக்கலாம்னு சென்னை மாகாணத்துல சோதனை பண்ணிக் காட்டினவர். 1912-ல இறைவைப் பாசனத்தைப் பத்தி ஒரு புஸ்தகமே போட்டார். அவரே இன்னொரு பக்கம் குரோம் தோல் பதனிடறதையும் இங்க கொண்டு வந்தார். தண்ணியில ஊறினாலும் சீக்கிரம் கெடாத தோல், அதுல கவலைச் சால் செஞ்சா நல்லா உழைக்கும்கிற நினைப்பும் அதுல உண்டு. ஒரே மனுஷன் ஒரு கையில கவலைக்கு நல்ல தோலும், இன்னொரு கையில கவலையை ஒழிக்கிற இன்ஜினும் வெச்சிருந்திருக்கார். எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்புத்தான் வந்துச்சு.

பீளமேட்டுல 1926-ல பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் ஆரம்பிச்சாங்க. அதைச் சுத்தி வார்ப்படப் பட்டறைகள் பெருகி, கோயமுத்தூர் பம்ப்புக்குப் பேர் போன ஊராச்சு. 1932-ல பைக்காரா மின்சாரம் வந்துச்சு. மில்லுக்கு வந்தது, கொஞ்சம் தோட்டங்களுக்கும் வந்தது. கம்பி போகாத ஊருக்கு ஆயில் இன்ஜின்தான் கதி. கிர்லோஸ்கர்காரங்க 1946-ல புனாவுல ஆயில் இன்ஜினுக்குன்னே தனிக் கம்பெனி வெச்சாங்க. சென்னையில செம்பியத்துல 1949-ல இந்தியா பிஸ்டன்ஸ் வந்து, பிஸ்டனும் ரிங்கும் நம்ம ஊர்லயே கிடைக்கிற காலம் வந்துச்சு. அதுக்கு முந்தி அதுவும் கப்பல்லதான்.

எங்களது லிஸ்டர் மாதிரி இன்ஜின். அசல் லிஸ்டர் இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற சின்ன ஊர்ல 1929-ல இருந்து செஞ்சது. நிமிஷத்துக்கு 650 சுத்து, 6 குதிரைத் திறன், 4½ இன்ச் சிலிண்டர், 5½ இன்ச் ஓட்டம், ரெண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் மாதிரி கனமான ஃபிளைவீல். அதைப் பார்த்து குஜராத்துல ராஜ்கோட் பட்டறைகள்ல ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. அப்படி வந்த ஒண்ணை அய்யன் 1974-ல செகண்ட்ஹேண்டா வாங்கி, லாரியில இருந்து பலகை வெச்சு எறக்கினார். (எங்கப்பாவை நாங்க அய்யன்னுதான் கூப்பிடுவோம்.) அவசரமில்லாத இன்ஜின். டுக்... டுக்... டுக்...னு அடிக்கும். ராத்திரியில எந்தத் தோட்டத்துல ஓடுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 650 சுத்துன்னா ரிங்கு நிமிஷத்துக்கு 1,300 தடவை மேல கீழ போகுது. ஒரு மணி நேரத்துல லைனர் மேல கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் தேய்ச்சுக்கிட்டு ஓடியிருக்கும். எட்டு மணி நேரம் ஓடினா, தாராபுரத்துல இருந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துடலாம். நடுவுல இருக்கிறது ஒரு மயிரிழை ஆயில்தான்.

இப்ப 1983. முந்தின வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. கிணத்துல தண்ணி அடிக்குப் போக, கிணத்துக்குள்ளயே பாறையில திட்டு வெட்டிப் பம்ப்பை எறக்கியிருந்தாங்க. மேல இருந்து உறிஞ்சினா 25 அடிக்குக் கீழ பம்ப்பு தண்ணி எடுக்காது, அதனால. ரெண்டு ஏக்கர் சின்ன வெங்காயம், நட்டு நாப்பது நாள். கரண்டுக்கு எழுதிக் குடுத்து வருஷக்கணக்கா வரிசையில நின்னுட்டு இருந்தோம். எங்க பக்கத்து விவசாயிங்க கரண்ட் கட்டணத்துக்காக 1970-ல போராடி, பெருமாநல்லூர்ல 3 பேர் துப்பாக்கிச் சூட்டுல செத்ததும், 1972-ல கோயமுத்தூர் ரோடு முழுக்க மாட்டு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினதும் உங்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அய்யனும் வண்டி கட்டிட்டுப் போனவர்தான், அப்ப கம்பியே இல்லாத தோட்டத்துக்காரர்! நாளைக்கு நமக்கும் வரும்ல என்பார்.

அந்தச் சித்திரையில இன்ஜின் நீலப் புகை விட ஆரம்பிச்சுச்சு. டீசலைவிட ஆயிலை நிறையக் குடிச்சுது. காலையில ஸ்டார்ட் பண்ண ரெண்டு பேர் ஹேண்டில் புடிக்கணும், ஒருத்தர் டிகம்ப்ரஷன் லிவரைப் புடிக்கணும். அம்மாவோட கம்மல் அடகுக்குப் போச்சு. டவுன்ல இருந்து ஒரு மெக்கானிக்கு சைக்கிள்ல வந்தார். பேர் வேண்டாம், எல்லாரும் மிஷின்காரர்னு கூப்பிடுவாங்க. அப்பவே ஐம்பது தாண்டினவர், பள்ளிக்கூடம் போகாதவர், தட்டிப் பார்த்தே நோய் சொல்வார். ஹெட்டைக் கழட்டி உள்ள பார்த்துட்டு, "கவுண்டரே, ரிங்கு மட்டும் போட்டா ஆகாதுங்க. லைனரும் மாத்தோணும்"னார். அய்யன், "அதெல்லாம் வெள்ளாமை எடுத்துப் பார்த்துக்கலாம், இப்ப ரிங்கைப் போடுங்க"ன்னுட்டார். கம்மல் பணம் ரிங்குக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கும்தான் பத்துச்சு.

நான் அப்ப ஒம்பதாவது. லீவு. லாந்தர் புடிக்கிறது, கழுவுறது எல்லாம் நான்தான். ஒடிஞ்ச பழைய ரிங்குத் துண்டாலயே காடிக் கரியைச் சுரண்டணும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தார். அதைவிடச் சரியான உளி எதுவும் கிடையாது, அந்தக் காடிக்குன்னே செஞ்ச அளவு. புது ரிங்கை முதல்ல பிஸ்டன்ல மாட்டக் கூடாது, தனியா லைனருக்குள்ள விட்டு, பிஸ்டனைக் கவுத்து அதால கோணலில்லாம தள்ளி, வெட்டு வாயில எவ்வளவு இடைவெளின்னு பார்க்கணும். சிலிண்டர் அகலத்துல ஒவ்வொரு இன்ச்சுக்கும் 4 தவ். தவ்னா ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சதுல ஒண்ணு. எங்களுக்கு 18 தவ், ரெண்டு தபால் கார்டு கனம்னு வெச்சுக்கங்க. இதைவிடக் கம்மியா இருந்தா, சூட்டுல ரிங்கு நீண்டு, ரெண்டு முனையும் முட்டி, லைனரைச் சீவிடும். கூட இருந்தா காத்து ஒழுகும்.

லைனர்ல ஒரு சிக்கல் உண்டு. ரிங்கு ஓடுற இடம் மட்டும் தேயும். அதுக்கு மேல அரை இன்ச் போல தேயாம அப்படியே இருக்கும். ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு விளிம்பு விழும். பழைய ரிங்கு அந்த விளிம்போடவே சேர்ந்து தேஞ்சு வளைஞ்சிருக்கும், முட்டாது. புது ரிங்குக்கு முனை கூர்மை. அதோட பேரிங்கும் புதுசு போட்டா, பிஸ்டன் ஒரு மயிரிழை கூட மேல ஏறும். மிஷின்காரர் ஒரு சுரண்டுளியை வெச்சு அந்த விளிம்பைக் கையாலயே சீவிக்கிட்டு இருந்தார். பொழுது எறங்கிட்டே இருக்குது. அய்யன் கிணத்துமேட்டுக்கும் வெங்காயக் காட்டுக்குமா நடந்துட்டு, "ஆச்சுங்களா, ஆச்சுங்களா"ன்னு நாலு தடவை கேட்டுட்டார்.

மிஷின்காரர் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, என் விரலெல்லாம் காச்சுப் போச்சு. உன்னுது பிஞ்சு விரல். நகத்தை வெச்சு மேல இழுத்துப் பாரு, எங்காச்சும் தட்டுதா?"ன்னார். இழுத்துப் பார்த்தேன். முக்கால் வட்டம் வழுவழுன்னு போச்சு. பின்னாடிப் பக்கம் ஒரு இடத்துல நகம் லேசாத் தட்டுச்சு. அய்யன் பக்கத்துல நிக்கிறார், முகத்தைப் பார்த்தேன். "தட்டலீங்க"ன்னுட்டேன்.

ரிங்கு மாட்டினார். வெட்டு வாய் எதுவும் ஒரே நேர்ல வராம மாத்தி மாத்தி. "வாசலும் பொடக்காலிக் கதவும் நேரா இருந்தா காத்து நிக்குமா?"ன்னு கேட்டுக்கிட்டே மாட்டினார். மண்ணெண்ணெய் டின் தகட்டை வெட்டிச் சுத்தி, கம்பி போட்டு இறுக்கி, மரக்கட்டையால தட்டி உள்ள விட்டார். ராத்திரி எட்டு மணிக்கு ஒரே சுத்துல புடிச்சுக்கிச்சு. வெங்காயத்துக்கு முழு ராத்திரி தண்ணி கட்டினோம். மூணாம் நாள் மத்தியானம் டக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் தொடர்ந்து கடகடன்னு. பிரிச்சா மேல் ரிங்கு மூணு துண்டு, லைனர்ல நெட்டுக்கு நாலு கோடு.

அய்யன் அவரை ஊர் முன்னால வெச்சுப் பேசக் கூடாததெல்லாம் பேசிட்டார். அந்த மனுஷன் "நான் லைனர் மாத்தச் சொன்னனுங்க"ன்னு ஒரு தடவைதான் சொன்னார். மீதிக் கூலியை வாங்காம சைக்கிளை எடுத்துட்டுப் போனவர், எங்க தோட்டத்துப் பக்கம் அப்புறம் வரவே இல்ல. வெங்காயத்துல பாதிக்கு மேல காஞ்சுது. கம்மலை மீட்க ரெண்டு வருஷம் ஆச்சு. நான் வாயைத் திறக்கல. அடுத்த வருஷம் வேற ஆளை வெச்சு லைனர் போட்டாங்க, அதுக்குப் பிறகு நல்லாவே ஓடுச்சு. 1986-ல எங்களுக்குக் கரண்ட் வந்துச்சு, 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆச்சு, இன்ஜின் கட்டுத்தரைக்குப் போச்சு. மிஷின்காரர் செத்துட்டார்னு கேள்விப்பட்டப்ப நான் போயிருக்கலாம், போகல. அய்யனும் 2009-ல போயிட்டார். கடைசி வரைக்கும் "அவன் வேலை தெரியாதவன்"னுதான் சொல்லிட்டு இருந்தார்.

இரும்புக்காரருக்குக் குடுக்க மனசு வராததுக்கு இதுதான் காரணம். இருந்தா மட்டும் என்ன ஆகப் போகுதுன்னும் தெரியாது.

இந்த ஆடியில பிரிச்சப்ப, டிராக்டர் பட்டறையில வேலை பார்க்கிற ஒரு பையனைத் துணைக்கு வெச்சுக்கிட்டேன். இருபத்திரண்டு வயசு, கையில சுத்தம். கோயமுத்தூர்ல தேடினதுல லைனர், பிஸ்டன், ரிங்கு மூணும் செட்டாவே கிடைச்சுது. இன்னும் இந்த இன்ஜினுக்கு சாமான் வருதுங்கிறதே எனக்கு ஆச்சரியம். புது லைனர்ல விளிம்பு இருக்காது, எனக்கே தெரியும். ஆனாலும் நகத்தை வெச்சுச் சுத்திச் சுத்தி இழுத்துப் பார்த்துட்டே இருந்தேன். என் நகமும் இப்பக் காச்சுப் போச்சு. அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ ஒருக்கா பாரு சாமி, தட்டுனா தட்டுதுன்னு சொல்லிரு"ன்னேன். ஒரு மாதிரியாப் பார்த்தான். "புதுசுங்ணா, எங்க தட்டப் போகுது"ன்னான். அப்புறம் அவன்கிட்ட மேல எழுதினது எல்லாத்தையும் சொன்னேன். இத்தனை வருஷத்துல வேற யார்கிட்டயும் சொன்னதில்ல, வீட்லயும் இதைப் படிச்சாத்தான் தெரியும். அவன் ஒண்ணும் பேசல. டார்ச்சை வாங்கி லைனரைச் சுத்தி ஒரு முறை பார்த்துட்டு, "இல்லீங்ணா, சுத்தமா இருக்குது"ன்னான்.

ரிங்கு வெட்டு வாய் நாலுல மூணு 18 தவ்வுக்குச் சரியா இருந்துச்சு. மேல் ரிங்கு 12 தான். அரத்தை வெச்சு, ஒரு முனையில மட்டும், ஒரே திசையில நாலு தேய் தேய்ச்சுச் சரி பண்ணினோம். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தேய்ச்சா முனை கோணிக்கும். ரிங்குல எழுத்துப் போட்ட பக்கம் மேல வரணும். இதைத் தலைகீழா மாட்டி, ஆயிலை மேல ஏத்திவிட்டு, ரெண்டாம் நாளே புகை தள்ளின இன்ஜினை நான் பார்த்திருக்கேன்.

ஓட விடறதுல மட்டும் அந்தப் பையனுக்கும் எனக்கும் வாக்குவாதம். புது ரிங்கு, அதனால ரெண்டு நாள் சும்மா, லோடு இல்லாம மெதுவா ஓடட்டும்னான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. மிஷின்காரர் அப்பவே இதுக்கு வேற சொன்னார்: "சும்மா ஓட்டுனா ரிங்கு சோம்பேறி ஆயிரும்"னு. காரணம் மேல சொன்னதுதான். லோடு இருந்தாத்தான் உள்ள வெடி பலமா இருக்கும், அந்தக் காத்துதான் ரிங்கைச் சுவத்தோட அழுத்தும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தேய்ச்சு ஒத்துப் போகும். சும்மா ஓட்டினா லைனர் மேல ஆயில் கருகிக் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு ஏறிக்கும், அப்புறம் ரிங்கு எந்தக் காலத்துலயும் ஒட்டாது. அதனால கால் மணி நேரம் சூடேத்திட்டு, பெல்ட்டை மாட்டி, பாதி லோடுல பம்ப்பை ஓட விட்டோம். 25 மணி நேரம் ஓடினதும் ஆயிலை வடிச்சு மாத்தினேன். வடிச்ச ஆயில்ல துணியை நனைச்சுப் பார்த்தா இரும்புத் தூள் மைனாக் கண்ணு மை மாதிரி நைசா இருந்துச்சு, அது இருக்கத்தான் செய்யும்.

முதல் நாள் லிவரை நான் புடிச்சேன், பையன் ஹேண்டில் போட்டான். லிவரை விட்டதும் ரெண்டு தடவை இருமிட்டுப் புடிச்சுக்கிச்சு. முதல்ல கொஞ்சம் வெள்ளைப் புகை, அப்புறம் ஒண்ணுமில்ல. டுக்... டுக்...னு சத்தம் கேட்டு, ரெண்டு தோட்டம் தள்ளி இருக்கிற எண்பது வயசுப் பெரியப்பா தடியை ஊனிக்கிட்டு வந்து வரப்புல உக்காந்துட்டார். "உங்கொய்யன் இன்ஜினாடா?"ன்னு மட்டும் கேட்டார்.

பம்ப்பு தண்ணி தள்ளுது, ஆனா நிறுத்தினா குழாய்ல தண்ணி நிக்க மாட்டேங்குது, ஒவ்வொரு தடவையும் குடத்துல ஊத்த வேண்டியிருக்கு. ஃபுட் வால்வ் போயிருக்கு. பிரிச்சுப் பார்த்தா அதுக்குள்ளயும் ஒரு தோல் வாசர்தான், காஞ்சு சுருங்கிக் கெடக்குது. நாளைக்குத் தாராபுரம் போயி புதுசு வாங்கணும்.